குறைந்த செலவில் டைம் டிரையல் சைக்கிள்: முதலில் உடம்பு, பிறகுதான் உதிரிபாகம்

டைம் டிரையல் என்பது கடிகாரத்தோடு மோதுகிற பந்தயம். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றுக்குத் தப்பிக்க விதி இடம் தராது. தொடங்கிய நொடியிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் எதிர்வரும் காற்றை நீங்களேதான் கிழித்துக்கொண்டு போகவேண்டும். இதற்கென்றே செய்த சைக்கிள்களின் விலையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப்போகிறவர்கள் ஏராளம். ஒதுங்கத் தேவையே இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய ரோடு சைக்கிள், அதில் மாட்ட ஒரு ஏரோ பார் (முழங்கையை ஊன்றி, கையை முன்னே நீட்டிப் பிடிக்கும் கம்பி ஜோடி), பொறுமையாகச் செய்யும் சில அளவெடுப்புகள் போதும். கிடைக்கக்கூடிய வேகத்தில் பெரும்பங்கு இவற்றிலேயே வந்துவிடும். காற்றுத் தடையில் சுமார் முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருகிறது. சைக்கிளுக்கு மீதிக் கால் பங்குதான்.

காற்று எவ்வளவு தின்கிறது

சமதரை, காற்று வீசாத நேரம், மணிக்கு 36 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் என்பதால் கணக்குப் போடச் சுலபம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. காற்றைத் தள்ள எத்தனை வாட் வேண்டும் என்பதை இழுவைப் பரப்பு தீர்மானிக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற பரப்பையும், அந்த வடிவம் காற்றை எவ்வளவு கலைக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணையும் பெருக்கினால் வருவது அது.

சாதாரண ஹேண்டில்பாரில், பிரேக் லீவரின் ரப்பர் மூடியைப் பிடித்து ஓட்டும்போது இழுவைப் பரப்பு 0.32 சதுர மீட்டர் என்று கொண்டால், காற்றுக்கு மட்டும் 192 வாட் போகிறது. டயர் உருள்வதற்குச் சுமார் 42 வாட். மொத்தம் 234. ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து அந்தப் பரப்பை 0.25 ஆக்கினால் காற்றுக்கு 150 வாட், மொத்தம் 192. அதே வேகத்துக்கு 42 வாட் மிச்சம். மிச்சத்தை விடாமல் அதே 234 வாட்டைச் செலுத்தினால் வேகம் 38.9 கி.மீ. ஆகும். 40 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 5 நிமிடம் குறையும்.

இதோடு எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். சைக்கிளில் ஒரு கிலோவைக் குறைத்தால் இதே வேகத்தில், சமதரையில், மிஞ்சுவது அரை வாட். லேசான உதிரிபாகங்களுக்குப் பணத்தைக் கொட்டுவது டைம் டிரையலில் வீண்செலவு. சிக்கனமாகச் சைக்கிள் கட்டுபவருக்கு இது நல்ல செய்திதான்: பழைய, கனமான அலுமினிய ஃபிரேம் உங்களைப் பின்னுக்கு இழுக்காது.

எந்தச் சைக்கிளில் தொடங்குவது

ஏற்கெனவே ரோடு சைக்கிள் இருந்தால் அதுவே போதும். புதிதாகத் தேடுவதென்றால், ரிம் பிரேக் (சக்கர விளிம்பான ரிம்மை இரு பக்கமும் பிடித்து நிறுத்துவது) உள்ள பழைய ரோடு சைக்கிளைத் தேடுங்கள். சந்தை டிஸ்க் பிரேக் பக்கம் போய்விட்டதால் நல்ல ரிம் பிரேக் ஃபிரேம்களும் சக்கரங்களும் மலிந்துவிட்டன. இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கை டைம் டிரையல் ஹேண்டில்பாருக்கு மாற்ற, அதற்கென்று தனி லீவர் வாங்கி, குழாயை வெட்டி, எண்ணெய் நிரப்ப வேண்டும். கேபிள் பிரேக்குக்கு இரண்டு எளிய லீவரும் இரண்டு கேபிளும் போதும்.

ஃபிரேம் அளவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். சீட்டை முன்னால் தள்ளப்போகிறோம், கையை இறக்கப்போகிறோம். முன்பக்கக் குழாய், அதாவது ஹெட் டியூப், உயரமாக இருந்தால் கையை வேண்டிய அளவுக்கு இறக்க முடியாது. ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளமானதாகப் போட்டு ஃபிரேமின் குட்டையை ஈடுகட்டலாம். உயரமான ஹெட் டியூபை வெட்டிக் குறைக்க வழியில்லை.

பழைய சைக்கிளை வாங்குமுன், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டைக் கழற்றிப் பாருங்கள். இறுகிப்போய் அசையவில்லை என்றால் அந்தச் சைக்கிள் வேண்டாம். ஹேண்டில் டேப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வியர்வை உப்பு உள்ளே இறங்கி அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்த ஹேண்டில்பாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழைய அசல் டைம் டிரையல் சைக்கிள் குறைந்த விலைக்குக் கிடைத்தால் ஆசை வரும். அதில் ஸ்டெம், சீட் போஸ்ட், பிரேக் மூன்றும் அந்த மாடலுக்கே உரிய வடிவத்தில் இருக்கும். ஒரு சீட் கிளாம்ப் தொலைந்தால் மாற்றுக் கிடைக்காமல் ஃபிரேமே பயனற்றுப் போகலாம். உங்கள் உடம்புக்கு முன்பக்கம் பொருந்தவில்லை என்றாலும் மாற்ற வழி குறைவு. இன்னும் பழைய சிலவற்றில் சக்கரமே சிறியது, 571 மி.மீ. ரிம். அதற்கு டயர் தேடி அலைய வேண்டியிருக்கும். முதல் சைக்கிளாக இதை எடுக்க வேண்டாம்.

சீட்டை முன்னே தள்ளுவது

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஏரோ பாரை வாங்கி, இருந்தபடியே இருக்கும் சைக்கிளில் மாட்டி, குனிந்து ஓட்டிப் பார்ப்பார்கள். தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும், பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். ‘நமக்கு ஒத்துவரவில்லை’ என்று கழற்றிவிடுவார்கள். தவறு ஏரோ பாரில் இல்லை. சீட் இருக்கும் இடத்தில்.

ரோடு சைக்கிளின் சீட் குழாய் ஏறத்தாழ 73 டிகிரி சாய்வில் இருக்கும். டைம் டிரையல் சைக்கிளில் அது 76 முதல் 80 டிகிரி. உடம்பை இறக்கும்போது தொடைக்கும் மார்புக்கும் இடையிலான கோணம் சுருங்குகிறது. சுருங்கினால் பெடல் மேலே வரும் நேரத்தில் காலுக்கு இடமில்லை, விசையும் குறையும். சீட்டை முன்னே கொண்டுவந்தால், கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் அச்சை மையமாக வைத்து உடம்பு முழுவதையும் முன்னோக்கிச் சுழற்றியதுபோல் ஆகும். முதுகு தாழும், இடுப்புக் கோணம் பழையபடியே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை, சீட் குழாயின் போக்கில், 72 செ.மீ.; குழாய் 73 டிகிரி. சீட்டை 4 செ.மீ. முன்னே தள்ளினால் சாய்வு 76 டிகிரி ஆகிவிடும். ஆனால் சீட்டுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் 72-லிருந்து 70.9-ஆகக் குறைந்திருக்கும். அதனால் சுமார் 1 செ.மீ. உயர்த்த வேண்டும். இந்த உயர்த்தலை மறந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். தள்ளுவதற்கு முன்பே பழைய தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தள்ளிய பிறகு அதே தூரம் வரும்வரை உயர்த்துங்கள்.

பெரும்பாலான சீட் போஸ்ட்களின் தலை பின்னால் தள்ளியிருக்கும். நேர்த்தலை உள்ள சீட் போஸ்டை மாட்டினாலே 2 செ.மீ. அளவு முன்னே வந்துவிடும். மீதியைச் சீட்டின் கம்பியில் நகர்த்திப் பெறலாம். கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பிடித்தால் கம்பி வளையும், முறியும். பழைய போஸ்டையே திருப்பி மாட்டிப் பார்க்கலாம். ஆனால் சில போஸ்ட்களில் அப்போது சீட்டை மட்டமாக வைக்க முடியாமல் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும்.

முன்னே சாய்ந்து உட்காரும்போது எடை சீட்டின் மூக்கில் விழும். மூக்கை ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்துங்கள். அப்படியும் மரத்துப்போனால் அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்துவதன் அறிகுறி அது. மூக்கு குட்டையான, நடுவில் பிளவுள்ள சீட்டுக்கு மாறுங்கள். சிக்கனத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத பொருள் இதுதான்.

குட்டையான கிராங்க்கும் இடுப்புக்கு இடம் தரும். 172.5 மி.மீ. கிராங்கிலிருந்து 165-க்குப் போனால் சீட்டை 7.5 மி.மீ. உயர்த்தலாம், உச்சியில் முழங்கால், இடுப்போடு ஒப்பிட, 15 மி.மீ. தாழ்ந்து வரும். பழைய கிராங்க் மலிவாகக் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அவசரமில்லை.

ஏரோ பார்: மாட்டுவதும் சரிசெய்வதும்

1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. டைம் டிரையல். 50 நொடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) வீரர்கள் பயன்படுத்திய ஏரோ பாருடன் ஓட்டி, முதலிடத்தில் இருந்த லாரன் ஃபினியோனைவிட 58 நொடி முந்தி, மொத்தக் கணக்கில் 8 நொடியில் டூரை வென்றார். அன்று ஃபினியோன் சாதாரண டைம் டிரையல் ஹேண்டில்பாரில்தான் ஓட்டினார். ஏரோ பாரைப் பற்றிய விவாதம் அத்தோடு முடிந்தது.

முதல் ஆண்டுக்கு, ரோடு ஹேண்டில்பாரின் மேல் மாட்டும் வகையே போதும். பிரேக்கும் கியரும் இருந்த இடத்திலேயே இருக்கும், வேலை அரை மணி நேரம். வாங்குமுன் ஹேண்டில்பாரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள்: நடுப்பகுதி 31.8 மி.மீ. என்றால் இன்றைய கிளாம்ப்கள் பொருந்தும். பழையவை 26 மி.மீ. இருக்கும், அதற்கு இடைவளையம் வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். சில ஹேண்டில்பார்களில் 31.8 மி.மீ. உருண்டைப் பகுதி ஸ்டெம்முக்கு இரு பக்கமும் சிறிது தூரம்தான் போகும். அதற்குமேல் மெலியும் அல்லது தட்டையாகும். கிளாம்ப் உட்கார இடமில்லை என்றால் வாங்கியது வீண். கார்பன் ஹேண்டில்பார் என்றால், ஏரோ பார் மாட்டலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டுமே மாட்டுங்கள்.

போல்ட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கிளாம்பில் அச்சிட்டிருக்கும் அளவு பொதுவாக 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். இறுக்கியபின் முழங்கைப் பேட்களின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்திப் பாருங்கள். கிளாம்ப் துளி சுழன்றாலும் சாலைக்குழியில் அது முழுதாகச் சுழலும், உங்கள் முகம் கீழே போகும். சுழன்றால், வழுக்காமல் பிடிக்கவைக்கும் கார்பன் பேஸ்ட் தடவி மறுபடி இறுக்குங்கள்.

இடத்தைச் சரிசெய்யச் சைக்கிளை டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி) நிறுத்தி, பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுங்கள். முழங்கை தோளுக்கு நேர்கீழே, அல்லது இரண்டு விரல்கடை முன்னால் இருக்கட்டும். அதைவிட முன்னால் போனால் தோள் வலிக்கும், நீங்களும் சீட்டில் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். பேட்டின் உயரம் சீட்டைவிட 5 செ.மீ. தாழ்வாக இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பேட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேசரை (உயரம் கூட்டும் துண்டு) எடுத்து, 5 மி.மீ. இறக்குங்கள். பேட்களை முதலில் அகலமாக வைத்து, கை பழகப் பழக நெருக்குங்கள்.

வீடியோவில் பார்க்கவேண்டியது முதுகை அல்ல, தலையை. முதுகைத் தட்டையாக்கிவிட்டு தலையைக் கோபுரம்போல் நிமிர்த்தி வைத்திருப்பவர்கள் பாதிப் பலனை இழக்கிறார்கள். தோளைக் காதுப் பக்கம் சுருக்கி, தாடையைக் கைகளை நோக்கி இறக்குங்கள். கண் மட்டும் சாலையைப் பார்க்கட்டும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டுவது மட்டும் கூடாது. நின்றிருக்கும் வண்டியில் மோதுவது அப்படித்தான். ஒரு மணி நேரம் தாங்க முடியாத தாழ்வான நிலையைவிட, பந்தயம் முழுவதும் அசையாமல் தாங்கும் சற்று உயர்ந்த நிலை வேகமானது.

அடுத்த கட்டம் முழு மாற்றம்: கொம்புபோல் முன்னே வளைந்த பேஸ் பார் ஒன்று, அதன் முனையில் பிரேக் லீவர் ஒரு ஜோடி, ஏரோ பாரின் முனையில் கியர் ஷிஃப்டர் ஒரு ஜோடி. இங்கே கியர்ப் பொருத்தம் முக்கியம். ஷிமானோ நிறுவனத்தின் 8, 9, 10 ஸ்பீடு ரோடு டிரெய்லியர்கள் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) பொதுவாக ஒரே கேபிள் இழுப்பில் இயங்குபவை. அந்தந்த ஸ்பீடுக்கான ஷிஃப்டரைப் பழையதாகத் தேடிப் போடலாம். ஷிமானோவின் டியாக்ரா மாடலில் 4700 வரிசை இதற்கு விதிவிலக்கு; அதுவும் 11 ஸ்பீடும் வேறு இழுப்பு, கலக்க முடியாது. பிரேக் லீவர் ரோடு காலிபருக்கானதாக (ரிம்மைப் பிடிக்கும் இடுக்கி) இருக்க வேண்டும். மலை சைக்கிள்களில் வரும் வி-பிரேக்கின் லீவர் அதிக கேபிளை இழுப்பதால் பிடியில் வலு இருக்காது. கியர் கேபிள் ஏரோ பாரின் முனையிலிருந்து பின்சக்கரம் வரை போகவேண்டும். சாதாரண நீளம் எட்டாமல் போகலாம், நூல் வைத்து அளந்தபின் வாங்குங்கள். கியர் கேபிளின் வெளியுறையை (அவுட்டர்) எக்காரணம் கொண்டும் பிரேக்குக்குப் போடாதீர்கள். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுபவை. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பிளந்துவிடும்.

பெரிய செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) வாங்கத் தோன்றும். தேவைப்படாது. 50 பல் செயின்ரிங், பின்னால் 13 பல், நிமிடத்துக்கு 90 சுற்று: மணிக்கு 43.7 கி.மீ. அதே சுற்றில் 11 பல்லுக்கு 51 கி.மீ. தாண்டும்.

டயர், டியூப்

ஏரோ பாருக்கு அடுத்த பணம் இங்கேதான் போகவேண்டும். தடித்த பயிற்சி டயரின் உருளல் எதிர்ப்பு எண் 0.006 என்று இருந்து, வேகமான பந்தய டயர் அதை 0.004-க்குக் கொண்டுவந்தால், மேலே சொன்ன 85 கிலோ, 36 கி.மீ. கணக்கில் சுமார் 17 வாட் மிச்சம். அகலம் 25 மி.மீ. நல்ல தேர்வு. உள்ளே லேடெக்ஸ் டியூப் போட்டால் இன்னும் சில வாட். அது ஒரே இரவில் காற்றை இழக்கும். ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் அடிக்கவேண்டும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் என்றால் லேடெக்ஸ் வேண்டாம், பிரேக் சூட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு. பஞ்சர் தாங்கும் பழைய டயரைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தம் கல்லாக இருந்தால் வேகம் என்பது தவறு. கரடான சாலையில் கல்போன்ற டயர் குதிக்கும், அந்தக் குதிப்பில் வீணாவது உங்கள் விசை. 70 கிலோ எடை உள்ளவர் 25 மி.மீ. டயரில் 80 முதல் 95 பிஎஸ்ஐக்குள் தொடங்கிப் பார்க்கலாம்.

பின்சக்கரத்துக்கு மூடி

ஸ்போக் தெரியாமல் முழுத் தட்டாக இருக்கும் டிஸ்க் சக்கரத்தின் பலனில் பெரும்பகுதியை, ஸ்போக் சக்கரத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தகடு பொருத்திப் பெறலாம். முதலில் விதியைப் பாருங்கள்: உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐயின் விதிப்படி நடக்கும் பந்தயங்களில் இப்படி ஒட்டவைத்த மூடிக்கு அனுமதியில்லை, பல கிளப் பந்தயங்களும் டிரையத்லான்களும் அனுமதிக்கின்றன.

அரை முதல் ஒரு மி.மீ. தடிமனுள்ள பாலிபுரப்பிலீன் தகடு இரண்டு. ரிம்மின் பிரேக் தேயும் பட்டைக்கு உள்ளே அடங்கும்படி வட்டமாக வெட்டுங்கள். பட்டையில் ஒரு மி.மீ. ஏறினாலும் பிரேக் ரப்பர் அதைக் கிழிக்கும். நடுவில் ஹப்புக்கு (சக்கரத்தின் மையப் பாகம்) ஓட்டை. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே ஒரு நேர்வெட்டு. ஹப் ரிம்மைவிட வெளியே புடைத்திருப்பதால் தகடு ஆழமில்லாத கூம்பாக வேண்டும். வெட்டின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தின்மேல் ஏற்றி ஒட்டினால் கூம்பு வந்துவிடும். இடப்பக்கம் ஹப் சுமார் 2.5 செ.மீ. புடைத்திருந்தால் விளிம்பில் 7 மி.மீ. ஏற்றினாலே போதும். வலப்பக்கம் புடைப்பு குறைவு, ஏற்றமும் குறைவு. அந்தத் தகட்டைப் போட, பின்பல்சக்கரங்களின் தொகுப்பான கேசட்டைக் கழற்றவேண்டும். இரண்டு தகட்டையும் ஸ்போக்குகளுக்கு இடையே ஜிப் டை கோத்து இழுத்துக் கட்டி, விளிம்பு முழுவதும் டேப் ஒட்டுங்கள். வால்வுக்கு எதிரே பம்ப் தலை நுழையும் அளவு துளையிட்டு, காற்றடித்தபின் டேப்பால் மூடுங்கள்.

சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பின்சக்கரத்தை ஒட்டி ஓடும் ஃபிரேம் குழாயான செயின்ஸ்டேயில் உரசும் சத்தம் கேட்டால் ஜிப் டையின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்துக்கு மூடி ஒருபோதும் போடாதீர்கள். பக்கக்காற்று அடித்தால் ஹேண்டில்பாரையே திருப்பிவிடும்.

உடம்பின்மேல்

காற்றில் படபடக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரோ பார் வாங்குவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல. தோலோடு ஒட்டும் உடை, காற்றோட்டத் துளை குறைந்த ஏரோ ஹெல்மெட், ஷூவின் மேல் இறுக்கமான உறை. பந்தய எண்ணை நான்கு மூலையிலும் இழுத்துக் குத்துங்கள். ஹெல்மெட்டின் வால் முதுகோடு ஒட்டி இருந்தால்தான் பலன். கீழே பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு நீண்ட வால் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கும், அவருக்குக் குட்டை வால் ஹெல்மெட்டே சரி.

சாலையில்

ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது. கூட்டமாக ஓட்டும்போதும் நெரிசல் உள்ள சாலையிலும் அந்த நிலைக்குப் போகவே வேண்டாம். ஆளில்லாத நேரான சாலையில், ஒரு கையை ஹேண்டில்பாருக்கோ பேஸ் பாருக்கோ எடுப்பதும் திரும்ப வைப்பதும் கண்ணை இறக்காமல் வரும்வரை பழகுங்கள். முன்சக்கரத்தில் எடை கூடியிருப்பதால் திருப்பத்தில் சைக்கிள் வேறுமாதிரி நடந்துகொள்ளும். முதல் சில நாள் வேகத்தைக் குறைத்தே திருப்புங்கள்.

மாற்றம் பலன் தந்ததா என்று அறிய, காற்றில்லாத அதிகாலையில் ஒரே பாதையில் போய்த் திரும்புங்கள். பழைய நிலையில் இரண்டு முறை, புதிய நிலையில் இரண்டு முறை, செலுத்தும் வாட்டைக் காட்டும் பவர் மீட்டரில் ஒரே அளவில். அந்தக் கருவி இல்லையென்றால் ஒரே இதயத்துடிப்பில். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். சீட், பேட், ஹெல்மெட் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும். ஒவ்வொரு முறையும் சீட் உயரம், அச்சிலிருந்து சீட்டின் பின்னிடைவு, பேட்டின் உயரம், பேட்களுக்கு இடையிலான அகலம் நான்கையும் மி.மீட்டரில் எழுதி வையுங்கள். சீட் போஸ்டில் டேப்பால் ஒரு கோடும் போட்டுவையுங்கள். பந்தயத்துக்குக் கழற்றிக் கொண்டுபோனால் அந்தக் கோட்டைப் பார்த்தே மாட்டிவிடலாம்.